ட்ரை பண்றேன்

முதலில், கழிவறைக்குக் கதவு கேட்டு எல்லாரும் மேனேஜர் அறைக்குப் போன அன்று ஆலை மெக்கானிக் வரவில்லை. கேட்டதற்கு 'பிஸி' என்றான்.

அடுத்து, கூலி உயர்வுக்காக வாசலில் உட்கார்ந்தபோது போனில் 'ஆன் தி வே' என்றான். அந்த வழி எங்கே போய் முடிந்ததோ, ஆள் வந்து சேரவில்லை.

அதற்கப்புறம் சங்கத்துக்குப் பொருளாளராக நிற்கச் சொன்னார்கள். சரி என்றவன், தேர்தலன்று காலையில் 'பர்சனல் ப்ராப்ளம்' என்று கழன்றுகொண்டான்.

கடைசியாக நடந்ததுதான் யாராலும் பொறுக்க முடியாதது.

ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் பெரிய சலவை ஆலை அது. இஸ்திரி உருளையில் மடிப்புக்காரியின் வலது கை மாட்டி வெந்துபோனது. உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புத் தகடு உண்டு. விரல் பட்டால் இயந்திரம் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. தகட்டை யாரோ கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

வேலை வேகமாக முடியட்டும் என்று அவளே கட்டிக்கொண்டாள் என்றது நிர்வாகம். விசாரணையில் அது நிலைத்துவிட்டால் வேலை போகும். வைத்தியச் செலவும் அவள் தலையில் விழும்.

சாட்சி சொல்ல யார் யார் வருவீர்கள் என்று சங்கத் தலைவர் ஆவி மண்டிய கூடத்தில் நின்று கேட்டார். பேச்சுக்குப் பேர்போன மனிதர். "இந்த பிஸி, எமர்ஜென்சி எல்லாம் எங்கிட்ட வேணாம். நம்ம பாஷையில ஒரே வார்த்தை. வர்றேன், இல்லேன்னா வரலை."

வெள்ளை ஆவிக்குள்ளிருந்து முகம் தெரியாத குரல்கள் ஒவ்வொன்றாக 'வர்றேன்' என்றன.

கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் மட்டும், "ட்ரை பண்றேன்ணே" என்றான்.

கூடமே சிரித்தது. பொண்ணு பார்க்கப் போன இடத்திலும் இதையே சொல்லியிருப்பான், அதனால்தான் அந்தப் பொண்ணுக்கு வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்று யாரோ சொல்ல, இன்னும் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான்.

விசாரணை நாளன்று அலுவலகத் தாழ்வாரத்து பெஞ்சில் மடிப்புக்காரி உட்கார்ந்திருந்தாள். வலி மாத்திரை எல்லாவற்றையும் தூரத்தில் தள்ளி வைத்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே விரிப்பு குவிந்த வண்டிகள், தள்ளுகிற ஆளை மறைத்துக்கொண்டு, தாமாகவே மிதந்து போவதுபோல் போய்க்கொண்டிருந்தன.

பக்கத்தில் இருந்த நாத்தனார் போனைப் பார்த்துப் பார்த்துப் படித்துச் சொன்னாள். வெளுப்புத் தொட்டிக்காரருக்கு ஃபீவர். இஸ்திரிக்காரருக்கு ஃபேமிலி எமர்ஜென்சி. பொதி கட்டுகிறவருக்கு நெட்வொர்க் ப்ராப்ளம்.

"நெட்வொர்க் இல்லாதவன் மெசேஜ் எப்படி அனுப்பினான் அண்ணி?"

மடிப்புக்காரிக்குக் கோபம் வரவில்லை. அந்த வார்த்தைகளுக்கு எடையே இல்லை. கூரை ஓட்டை வழியாக ஆவி போவதுபோல் அவை மேலே மேலே போய்க் கரைவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகத் தலைவரிடமிருந்து வந்தது. அன்அவாய்டபிள். மனதளவில் என்றும் உங்களோடு.

நாத்தனார் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அப்போதுதான் மெக்கானிக் வந்தான். வெளுத்த சட்டை, வாரிய தலை. அவன் தோளில் கை போட்டு அழைத்து வந்தவர் மேனேஜர்.

யார் பக்கத்துச் சாட்சி என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மேனேஜர் காகிதம் எடுக்க உள்ளே போனதும் நாத்தனார் எழுந்து அவன் முன்னால் நின்றாள்.

"கம்பியைக் கட்டினது எங்க அண்ணின்னு சொல்லப்போறியா?"

"அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க."

"சொல்லுவியா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"ட்ரை பண்றேன்க்கா."

உன் வாயில் வேறு வார்த்தையே வராதா, இந்தக் கையைப் பார்த்துமா என்று அவள் ஏதேதோ கேட்டாள். அவன் உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

மடிப்புக்காரி சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்தாள். கனவில் முடிவில்லாத ஒரு வெள்ளை விரிப்பை இரண்டு கைகளாலும் மடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையை யாரோ பிடித்திருந்தார்கள். விரிப்பு காற்றில் உப்பி அந்த முகத்தை மறைத்தது. மடிக்க மடிக்க ஆள் நெருங்கி வந்தாரே தவிர, முகம் தெரியவில்லை.

பியூன் வந்து கூப்பிட்டார். சாட்சி சொன்னதை இரண்டு தரப்பாரையும் வைத்துக்கொண்டு உரக்கப் படித்த பிறகே கையெழுத்து வாங்குவது அங்கே முறை.

விசாரணை அதிகாரி ஏற்ற இறக்கமில்லாத குரலில் படித்தார். தடுப்புத் தகடு செயல்படாதபடி கட்டப்பட்டிருந்தது உண்மை. மடிப்புக்காரி அதைத் தொடவில்லை. மேனேஜரின் வாய்மொழி உத்தரவின்பேரில் அது கட்டப்பட்டது.

மேனேஜர் பாதி எழுந்தார். அதிகாரி உட்காரச் சொல்லி, மேலே படித்தார்.

"உத்தரவை ஏற்றுக் கம்பியைக் கட்டியவர், வேலை போனாலும் வழக்கே வந்தாலும் சம்மதம் என்று தாமாக முன்வந்து ஒப்புக்கொண்டவர்…"

பக்கத்தைத் திருப்பி, மெக்கானிக்கின் பெயரை, அவன் அப்பா பெயரோடு சேர்த்துப் படித்தார்.