பிடியரிசி

தங்கபுஷ்பம் வாசலில் கொடுத்துவிட்டுப் போன டால்டா டின்னைத் திறந்து பார்த்ததும் இன்பராணிக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஏ சந்திரம்மா, இங்க வந்து இந்த அநியாயத்தைப் பாருட்டி!"

அடுத்த பிளாக் சந்திரம்மாள் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரோடு சமையலறைக்குள் ஓடிவந்து டின்னை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, நீளமா ஒண்ணு, குண்டா ஒண்ணு, நொறுங்கினது ஒண்ணு... தினுசு தினுசா கெடக்கு?"

"கடையைப் பெருக்கி அள்ளினது. கோழிக்குப் போடுத அரிசி. அதை ஆண்டவருக்குக் கொண்டாந்திருக்கா மகராசி!"

மோதி பாக் குவார்ட்டர்ஸில் இன்பராணியின் வீட்டில்தான் தமிழ்ச் சபைப் பெண்கள் மாதம் ஒருமுறை கூடி ஜெபிப்பார்கள். ஊர் வழக்கத்தை அவர்கள் டெல்லிக்கு வந்தும் விடவில்லை. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் முதலில் ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டின்னில் போட்டுவிட வேண்டும். அது ஆண்டவர் பங்கு. கூட்டத்தன்று எல்லார் டின்னும் ஒரே சாக்கில் கொட்டப்படும். அந்தச் சாக்கை பாஸ்டர் ஸ்கூட்டரில் வைத்துக் கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்குக் கொண்டுபோவார்.

எந்த வீடு என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அந்தப் பெண்கள் சங்கத்தின் செக்ரட்டரியான இன்பராணி எத்தனையோ விதமாகக் கிண்டிப் பார்த்தும் பலிக்கவில்லை.

"கூட்டம் முடியட்டும். எல்லார் முன்னாலயும் அவ டின்னை அவ கையிலயே திருப்பிக் குடுக்கேனா இல்லையா பாரு."

"வேண்டாம்க்கா. முனிர்காவிலேருந்து பிள்ளையளை இழுத்துக்கிட்டு பஸ் மாறி வாரா, பாவம்."

"பஸ்ஸில வந்தா? குடுக்கதை ஒழுங்கா குடுக்கணும்லா?"

வெளியே புல்தரையில் ஜமுக்காளம் விரித்து, குளிர்கால வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கபுஷ்பம் கைக்குழந்தையை மடியில் குதிக்கவிட்டபடி பாடினாள். என்ன குரல் அது! பக்கத்து வீட்டு சர்தார்ஜியின் மனைவி துணி காயப்போடுவதை விட்டுவிட்டு வேலியோரம் நின்று தாளம் போட்டாள்.

இன்பராணி அன்றைக்குப் பேச வேண்டியதை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, 'ஆண்டவருக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும்' என்று பிடித்துக்கொண்டாள். கண் முழுக்கத் தங்கபுஷ்பத்தின் மேல்தான். அவளோ ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டி, எல்லாரையும்விடச் சத்தமாக "ஆமென்" சொல்லிக்கொண்டிருந்தாள்.

'நெஞ்சழுத்தத்தைப் பாரேன்!' இன்பராணி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஜெபம் முடிந்து டீயும் வேர்க்கடலையும் சுற்றி வந்தன. இன்பராணி மட்டும் டின்களைக் காலி செய்ய உள்ளே வந்தாள். தங்கபுஷ்பத்தின் டின்னைத் தனியே ஒதுக்கி வைத்தாள். மற்றதையெல்லாம் சாக்கில் கொட்டினாள். தன்னுடைய பாஸ்மதி, ஒருத்தி வீட்டுப் புழுங்கல், இன்னொருத்தி வீட்டு ரேஷன் அரிசி, எல்லாம் போட்டு, கடைசியில் சந்திரம்மாளின் சிவப்பரிசி. அது அவள் அண்ணன் நாகர்கோவிலிலிருந்து ரயிலில் கொண்டுவந்து கொடுப்பது. இந்தக் கூட்டத்தில் வேறு யாரிடமும் கிடையாது.

சாக்குக்குள் கையை விட்டு நன்றாகக் கலந்துவிட்டாள். பிறகு அந்தக் கோழி அரிசியில் இன்னும் என்னென்ன கண்றாவி இருக்கிறதோ என்று டின்னை முறத்தில் கவிழ்த்தாள்.

அடியிலிருந்து சிவப்பரிசி உருண்டு வந்தது.

இன்பராணி முறத்தைப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள். மறுபடியும் முறத்தைப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே கலவை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தங்கபுஷ்பத்தின் புருஷன் வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டிவிட்டதாக யாரோ சொன்னது இப்போதுதான் ஞாபகம் வந்தது. போன மாதச் சாக்கு போன வீடு அதுதான். தர்மமாக வந்த அந்த அரிசியிலும் உலை வைக்கும்போதெல்லாம் முதல் பிடியை ஆண்டவருக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குப் பொங்கியிருக்கிறாள்.

இன்பராணிக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள். முறத்திலிருந்ததைச் சாக்கில் கொட்டி, புருஷன் ஜெபராஜ் ஆசை ஆசையாக வாங்கி வைத்திருந்த பாஸ்மதி டிரம்மையும் அதற்கு மேலேயே கவிழ்த்துவிட்டு வெளியே வந்தாள்.

சந்திரம்மாளுக்கு அதற்குள் வாய் சும்மா இருந்திருக்குமா? விஷயம் ஜமுக்காளத்தைச் சுற்றி வந்துவிட்டிருந்தது. எல்லார் கண்ணும் தங்கபுஷ்பத்தின் பக்கமே ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன செக்ரட்டரியம்மா," என்றாள் ஒருத்தி, "ஆண்டவருக்குக் கோழி அரிசி கொண்டாந்தது யாருன்னு சொல்லிர வேண்டியதுதானே?"

தங்கபுஷ்பத்தின் கையில் டீ கிளாஸ் அப்படியே நின்றது. முகம் செத்துப்போயிற்று.

இன்பராணி படீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அந்தக் கூத்தை ஏன் கேக்கிய! எல்லாம் ஒரே டால்டா டின்னா, மாறிப்போச்சு. மிச்சம் மீதியெல்லாம் அள்ளிப் போட்டுக் கொண்டாந்த கஞ்சப் பிசினாரி நான்தான்ட்டி. பாஸ்மதி நம்ம புஷ்பத்தோடது!"