இரண்டு லாரிகளுக்கு நடுவே

காகத்தால் வாதாங்கொட்டையை உடைக்க முடியாது. லாரிச் சக்கரத்தால் முடியும். அதனால் காகம் கொட்டையை நெடுஞ்சாலையில் போட்டுவிட்டுக் காத்திருக்கும். ஒரு லாரி உடைத்துவிட்டுப் போனதும், அடுத்தது வருவதற்குள் பருப்பைக் கொத்திக்கொண்டு பறந்துவிடும்.

அன்று பருப்பு இரண்டாகச் சிதறியது. ஒன்றைக் கொத்திய காகம் மற்றதற்கும் திரும்பியது. அடுத்த லாரி அதன் வாலைப் பிய்த்துக்கொண்டு போனது.

காகம் தடுமாறி வந்து மைல்கல்லின் மேல் உட்கார்ந்தது.

"காலையிலிருந்து ஏழு பருப்பு லாபம். இப்போது வாலே போச்சு," என்றது மைல்கல். "முப்பது வருஷமாக இங்கேயே நிற்கிறேன். என் மேல் ஒரு கீறல் உண்டா?"

"உனக்கு ஒரு பருப்பு உண்டா?" என்றது காகம்.

"அடேய், வாலில்லாமல் சட்டென்று திரும்ப முடியாது. அடுத்த லாரியில் உயிரே போகும்."

"அப்படியானால் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிடுகிறேன்."

காகம் இன்னொரு கொட்டையைப் போட்டது. லாரி உடைத்தது. பெரிய துண்டு நடுச்சாலையில் கிடந்தது. காகம் ஓரத்துச் சின்னத் துண்டைக் கொத்திக்கொண்டு கோணலாகப் பறந்து வந்து, கல்லின் தலைமேலேயே உட்கார்ந்து தின்றது. பெரியதை அடுத்த லாரி அரைத்துப் போனது.

கல் மெதுவாகக் கேட்டது: "எப்படி இருக்கும் அந்தப் பருப்பு?"

"சாலைக்கு இறங்கி வா, சொல்கிறேன்," என்று காகம் அடுத்த கொட்டையைத் தேடிப் பறந்தது.