சல்லடையில் நின்ற மண்கட்டி

மீன்கள் செத்து மிதந்த ஓர் ஏரியின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுவந்து உலர்த்தியிருந்தார்கள். குழவி அதைக் கல்வத்தில் போட்டு இரண்டு சுற்று அரைத்துவிட்டுச் சல்லடையில் கொட்டியது. தூளானதெல்லாம் கீழே இறங்கிவிட்டது. ஒரு கட்டி மட்டும் மேலே நின்றது.

"இறங்கினது போதும். அந்தக் கட்டியைத் தூக்கி எறி" என்றது குழவி.

"யாரை எறியச் சொல்கிறாய்?" என்று கட்டி சீறியது. "கரையிலிருக்கும் ஆலைக்காரன் ஏரியில் ஊற்றிய விஷமெல்லாம் என்னைப் போன்ற களிமண்ணில்தான் ஒட்டியிருக்கிறது. இறங்கியது வெறும் மணல். அதைச் சோதித்துவிட்டு ஏரி சுத்தம் என்று சொல்லப் போகிறீர்களா?"

குழவிக்கும் கோபம் வந்துவிட்டது. "உனக்காக என் இடுப்பு ஒடிய வேண்டுமா?"

"ஒடியட்டும்! நொறுங்கப் போகிற நானே பயப்படவில்லை, உனக்கென்ன?"

சல்லடை கட்டியைக் கல்வத்துக்குள் உருட்டிவிட்டது. "இதுவும் தூளாகி இறங்கட்டும். அதுவரை இங்கிருந்து எதுவும் போகாது."

குழவி ஆத்திரம் தீர இடித்தது. கட்டி முனகியது, ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. முழுவதும் தூளாகிச் சல்லடையில் இறங்கி மணலோடு கலந்தது.

மண்ணிலுள்ளதைக் கரைத்தெடுக்கும் கரைப்பான் தண்ணீர்போலத் தெளிவாகத் தூளுக்குள் போனது. வெளியே வந்தபோது கறுத்திருந்தது.

"அடப்பாவி, இவ்வளவையுமா சுமந்துகொண்டிருந்தாய்?" என்று அது பதறியது.

"நான் ஒரு பிடிதான்" என்றது தூள். அதன் கோபம் தணியவே இல்லை. "ஏரி முழுக்க என் சனம் கிடக்கிறது."