கபடியும் கல்யாணமும்

"மாத்திட்டா பாரு! ஏல பேச்சி, இங்க வந்து பாரு, மறுபடியும் மாத்திட்டா உங்கம்மா!"

நவி மும்பை சான்பாடாவில், மகன் வீட்டு சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பிரம்மநாயகம் போனைத் தூக்கிக் காட்டினார். இவ்வளவு நேரம் கபடி ஓடிய திரையில் இப்போது சீரியல் மணப்பெண் ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

பேச்சிராஜா சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே சிரித்தான். எல்லாம் அவன் செய்துவைத்த வேலை. தாராவி வீட்டு டிஷ் பெட்டியோடு இன்னொரு சின்னப் பெட்டியை மாட்டி, குடும்பத்தில் அத்தனை பேர் போனிலும் அந்த வீட்டு டிவி தெரியும்படி செய்திருந்தான். டிஷ் ஒன்று என்பதால் சேனலும் ஒன்றுதான். போனில் மாற்றினால் வீட்டு டிவியில் மாறும். வீட்டில் மாற்றினால் போனில் மாறும்.

"வீட்டுல பக்கத்துல உக்காந்து போட்ட சண்டைய, இப்ப ட்ரெயின் தூரத்துல இருந்து போடுதிய. வேற என்ன?"

சண்டை வந்ததே டிவியால்தான். சீரியலில் தாலி கட்டப்போகிற நேரமாகப் பார்த்து இவர் கபடிக்கு மாற்றினார். மனைவி சொர்ணம்மாள் ரிமோட்டைப் பிடுங்கிப் பரணில் எறிந்தாள். இவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். மறுநாள் விடிந்ததும், தோல் பட்டறைக்குப் போகிறவர் போலக் கிளம்பி, நேரே இங்கே வந்துவிட்டார். வந்து நாலைந்து நாளாகிறது.

"அவளா கூப்பிடட்டும், போறேன். நா இங்க இருக்கேன்னு எவனாவது அவ காதுல போட்டிய, இந்த வீட்டு வாசல்லயும் கால் வைக்க மாட்டேன், ஆமா."

"நா சொல்லல. நேத்து அம்மாகிட்ட பேசுனேன். 'உங்கப்பனுக்கு என்ன கொறச்சல், கபடி பாத்துக்கிட்டு ஜாலியாத்தான் இருக்காரு'ன்னாங்க."

"பாத்தியா! சேனல் மாறுறத வச்சே என்னய வேவு பாக்கா."

மருமகள் சாதனா சாய் கொண்டுவந்து வைத்தாள். "மாமா, அத்தைக்கு சுகர் வேற இருக்கு. ஒத்தையில என்ன செய்றாங்களோ. ஒரு போன் போட்டா என்ன?"

"எதுக்குப் போடணும்? காலையில சாமி பாட்டுக்கு மாறும். சரி, எந்திரிச்சிட்டா. மத்தியானம் சமையல் நிகழ்ச்சி. சரி, சாப்ட்டாச்சு. ராத்திரி அந்த அழுமூஞ்சி சீரியல் முடியுற வரைக்கும் அசையாது. சரி, மாத்திரை போட்டு படுத்துட்டா. எனக்கு எல்லாம் தெரியும்."

"அப்ப நீங்க கபடி மட்டும் பாக்கல" என்றாள் சாதனா.

பிரம்மநாயகம் சாயை உறிஞ்சினார். பிறகு கட்டைவிரலால் ஓங்கி அழுத்திக் கபடியை வைத்தார். மாற்றுவாள், இதோ மாற்றுவாள் என்று காத்திருந்தார்.

மாறவில்லை. ஒரு ஆட்டக்காரன் பாடிப் போய்த் திரும்பினான். இன்னொருத்தன் போய்ப் பிடிபட்டான். அப்போதும் மாறவில்லை.

"ஏல, மாத்தலையே."

"விட்டுட்டாங்க போல."

"அவளா விடுவா?" அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். சாய் ஆறிப்போயிற்று. கடைசியில் அவரே சீரியலை வைத்தார். "இந்தா, உன் கல்யாணத்தையே பாத்துத் தொல."

சட்டென்று திரை மாறியது. கபடி.

பிரம்மநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மறுபடியும் சீரியலை வைத்தார். மறுபடியும் கபடி வந்தது.

"டிவி கெட்டுப்போச்சா மாமா?"

"இல்ல தாயி. எனக்கு விட்டுக்குடுக்கா. கல்யாணத்தையே விட்டுட்டு எனக்குக் கபடி வச்சுக் குடுக்கா. என் செருப்பு எங்க கெடக்கு பாரு. பாவம்டே அவ, அந்த வீட்டுல ஒத்தையில..."

ஓடிப்போய் ட்ரெயின் பிடித்து, தாராவி வந்து சேர்ந்தபோது, அவர் வீட்டு முன்னால் சந்து அடைபடும்படி கூட்டம் நின்றது. பக்கத்து வீட்டுப் பூதத்தான் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, நல்ல நேரத்துல வந்திய! வீட்டுக்குள்ள என்னமோ புகுந்திருக்கு. டிவி தானா மாறுது. கபடிங்குது, கல்யாணங்குது. இன்னைக்கு ரொம்ப மோசம், ரெண்டும் மாறி மாறி வந்துச்சு. எதிர்வீட்டு ஆபிதாக்கா ஓதுன தண்ணிகூட தெளிச்சுப் பாத்துட்டாவ, அடங்கல."

"ஏல கோட்டிக்காரா, உள்ள உங்க மதினில்லாடே இருக்கா!"

"மதினியா? நீங்க போன அன்னைக்கே, டிவியக்கூட அணைக்காம, வீட்டப் பூட்டிட்டுப் பைய தூக்கிட்டுப் போனாவளே! உங்ககூடத்தான் இருக்காவன்னு நெனச்சோம்."

பிரம்மநாயகம் அப்போதுதான் கதவைப் பார்த்தார். பூட்டு தொங்கியது.

சந்தின் மறுமுனையில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டது. ஒரு கையில் தூக்குச்சட்டியும் மறு கையில் போனுமாகக் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள் சொர்ணம்மாள்.

"வழிய விடுங்கடே! செம்பூர்ல மக வீட்டுல இருந்து மீன்கொழம்பு கொண்டாரேன். அந்த மனுசன் உள்ள ஒத்தையில உக்காந்து கபடியே கதின்னு கெடக்காரு, சோறு தின்னாரோ என்னமோ..."