அறுபது, சரி!

தொழிற்சாலை வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தி: விபத்தே இல்லாத மூவாயிரமாவது நாள் இன்று!

ஒலிபெருக்கியில் இப்படி முழங்கிவிட்டு, மேலாளர் குரொனுமா ரசாயனத் தொட்டியைப் பார்வையிட வந்தார். உள்ளிருந்த கலவை தன் சூட்டாலேயே மேலும் சூடாகும் ரகம். அறுபது டிகிரியைத் தாண்டினால் தொட்டி எந்த நேரத்திலும் வெடிக்கலாம்.

தொழிலாளி இசோபே வெப்பமானியை நோக்கி விரல் நீட்டி, விதிப்படி கத்தினார்: "அறுபது, சரி!"

"சார், தொட்டில பெயின்ட் உரியுது. குளிர்நீரைத் திறந்துடலாமா?" என்றாள் பொறியாளர் தச்சிகாவா.

"விழா நாள்ல அபசகுனமா பேசாதம்மா. முள்ளு அறுபதைத் தாண்டுச்சா?"

"இல்ல சார். ஒரு மணி நேரமா அங்கயே நிக்குது."

"விழாவுக்குன்னு நான் வாங்கி மாட்டின மானி! அதுக்கு இருக்கிற ஒழுக்கம் உங்களுக்கு இருக்கா?"

இசோபே மறுபடியும் விரல் நீட்டினார். "அறுபது, சரி!"

அந்த மானியில் அறுபதுக்கு மேல் எண்ணே கிடையாது.