வாசிச்சுட்டேன்

"ஒம்பது வயசாச்சு. இதுவரைக்கும் ஸ்கூல் வாசலையே மிதிக்கலை. இப்ப நேரா நாலாங்கிளாஸ்ல இடம் குடுங்கன்னு வாரீங்க. எப்படி சார்?"

தலைமையாசிரியை தங்கப்பொண்ணு கேட்டதும் நாகமணி கணவனைப் பார்த்தாள். பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ஜனகராஜுக்குச் சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக்கடை. கடையில் பேசுவது போலவே இங்கேயும் நிதானமாகப் பேசினார்.

"அனுப்ப வேணாம்னு முடிவு பண்ணித்தான் அனுப்பலை மேடம். பிள்ளைங்களைப் பிடிச்சு வச்சுத் திணிக்கக் கூடாது. தேவைன்னு தோணுறப்ப அதுங்களே கத்துக்கும். எங்க ரம்யா அப்படித்தான் கத்துக்கிட்டா."

"வாசிக்கக்கூடவா?"

"வாசிக்கவும்தான். வீட்டுல நாங்க ஒரு எழுத்து சொல்லிக்குடுத்ததில்லை. இவளுக்கு டீச்சர்னு யாருமே கிடையாது."

"அம்புட்டு நம்பிக்கை இருக்கவரு, இப்ப எதுக்கு எங்ககிட்ட வாரீங்க?"

ஜனகராஜ் வாயைத் திறப்பதற்குள் நாகமணி முந்திக்கொண்டாள்.

"அவளேதான் கேட்டா மேடம். எங்க வீட்டு மாடியில குடியிருக்கவங்க பிள்ளை இங்க நாலாவது படிக்குது. அது பக்கத்துல உக்காரணுமாம். வேற கிளாஸ்னா வரவே மாட்டாளாம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரம்யா ஆமாம் என்று தலையாட்டினாள்.

தங்கப்பொண்ணு மேஜை மேல் கிடந்த கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்து அவளிடம் நீட்டினார்.

"எங்க, இந்தக் கதையை வாசி பாப்போம்."

ரம்யா புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்தாள். விரல் வரிக்குக் கீழே மெதுவாக நகர்ந்தது. உதடு அசையவில்லை.

பக்கத்து வகுப்பில் டீச்சர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் ஒரே குரலில் பாடத்தைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"ம், வாசி."

ரம்யா நிமிராமல் தலையை மட்டும் அசைத்தாள். பக்கத்தைத் திருப்பினாள்.

தங்கப்பொண்ணு கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

"கோவிச்சுக்கிடாதீங்க சார். ஒரு எழுத்துகூட வாயில வரலை. ரெண்டாங்கிளாஸ்ல உக்காரட்டும். சின்னப் பிள்ளைகளோட சேந்து எழுத்துக் கூட்டிப் பழகட்டும்."

நாகமணி தங்கள் வீட்டு மொழியில் கணவனிடம் ஏதோ சொன்னாள். தங்கப்பொண்ணுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் ஜனகராஜின் முகத்தைப் பார்த்ததும் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்றுதான் சொல்லியிருப்பாள் என்று புரிந்துவிட்டது.

ரம்யாவின் கண் நிறைந்திருந்தது.

"நான்தான் வாசிச்சுட்டேனே" என்றாள்.

"எப்ப?"

"இப்பதான். நீங்க புடுங்குறதுக்குள்ள முடிச்சுட்டேன்."

"அப்படியா? என்ன கதை, சொல்லு."

"ஆட்டுக்குட்டிக்குப் பல்வலி. அம்மாகிட்ட சொன்னா ஊசி போடுவாங்கன்னு பயந்து, வைக்கோல்போருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குது. கடைசியில டாக்டர் பல்லைப் பிடுங்கிடுறாரு. ஆனா பிடுங்குன பல்லை என்ன பண்ணாங்கன்னு இதுல போடலை."

தங்கப்பொண்ணு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பல் என்ன ஆயிற்று என்று நிஜமாகவே அதில் இல்லை.

வேறொரு கதையைப் பிரித்துக் கொடுத்தார். மறுபடியும் அதே விரல், அதே மௌனம். முடித்ததும் ரம்யா அந்தக் கதையையும் சொன்னாள்.

"இதைச் சத்தமா வாசிச்சிருக்கலாம்ல?"

"சத்தமா எதுக்கு? நீங்கதான் முன்னாடியே படிச்சிருப்பீங்களே?"

தங்கப்பொண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒத்துக்கிடுறேன் சார். தானாவேதான் கத்துக்கிட்டிருக்கா. நாலாங்கிளாஸ்லயே உக்காரட்டும்."

"நான் சொல்லலை?" என்று ஜனகராஜ் மனைவியைப் பார்த்தார்.

"தானா இல்லப்பா" என்றாள் ரம்யா. "அஸ்வினிதான் சொல்லிக்குடுத்தா."

"மாடி வீட்டு அஸ்வினியா? எப்படா?"

"சாயங்காலத்துல, மாடிப்படியில. பக்கத்துல உக்காந்து விரலை வச்சுக் காட்டுவா. தெரியலைன்னா காதுக்குள்ள சொல்லுவா. அப்புறம் ரெண்டு பேரும் மனசுக்குள்ளயே வாசிப்போம்."

"எங்ககிட்ட ஏன்டா சொல்லலை?"

"நீங்க யாரும் சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னீங்கல்ல. அவளைத் திட்டுவீங்கன்னு நினைச்சேன்."

தங்கப்பொண்ணு கேட்டார்.

"ஏம்மா, மனசுக்குள்ள மட்டும் எதுக்கு?"

"அவளுக்கு வாய் திக்கும்ல மேடம். சத்தமா வாசிச்சா எல்லாரும் சிரிக்கிறாங்களாம். மனசுக்குள்ள வாசிச்சா திக்கவே திக்காதாம்."

தங்கப்பொண்ணு வாசலில் நின்ற ஆயாவைக் கூப்பிட்டார்.

"நாலாங்கிளாஸ்ல இருந்து அஸ்வினியைக் கூட்டிட்டு வா."

"அவ நாலாங்கிளாஸ்ல இல்லையே மேடம். வாசிக்கத் தெரியலைன்னு காலையில ஒரு பிள்ளையை ரெண்டாங்கிளாஸ்ல கொண்டுபோய் விடச் சொன்னீங்கல்ல, அதுதான் அஸ்வினி."

"கூட்டிட்டு வா" என்றார் தங்கப்பொண்ணு மறுபடியும்.

அஸ்வினி வந்தாள். அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. கதவோரத்திலேயே நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நா... நாளைக்கு வா... வாசிச்சுக் காட்டிடுறேன் மேடம்."

ஜனகராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"வாங்க டீச்சர்" என்றார். தன் நாற்காலியை அஸ்வினி பக்கம் நகர்த்தினார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் தங்கப்பொண்ணும் எழுந்து நின்றிருந்தார்.