பட்டியலில் இல்லாத எதிரி

"இந்த விளையாட்டுல இப்படி ஒரு எதிரியே கிடையாது ஷோல்பான். எவனோ நம்மள வச்சு வேடிக்கை பார்க்கிறான். அந்தப் பதிவை அழிச்சுத் தள்ளு."

சொல்லிவிட்டுத் தல்கத் ஒரு செல்போனின் பின்மூடியைக் கழற்றுவதில் இறங்கினான். கரகண்டா நகரச் சந்தையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை அவனுடையது. அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசெல்லாம் 'ஏழாம் சுரங்கம்' என்ற கணினி விளையாட்டின் மேல்தான். ரசிகர்கள் கூடி அதற்காக இணையத்தில் ஒரு களஞ்சியம் நடத்தினார்கள். அதற்குத் தல்கத்தான் தலைவன்.

விளையாட்டில் வரும் முன்னூற்றுப் பன்னிரண்டு எதிரிகளையும் வகை பிரித்து வைத்தவன் அவன். பார்த்தால் பாய்வது, சத்தம் கேட்டால் வருவது, நேரம் வந்தால் கிளம்புவது, சும்மா வழியை மறித்துக்கொண்டு நிற்பது. எதனிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்று யார் எத்தனை முறை கேட்டாலும் பொறுமையாகப் பதில் எழுதுவான். வீட்டில் அவன் அந்த வேலையில் உட்கார்ந்துவிட்டால் மனைவியும் மகளும் அந்தப் பக்கமே வர மாட்டார்கள்.

பக்கத்துக் கடையில் செல்போன் உறை விற்கும் ஷோல்பானும் களஞ்சியத்தில் எழுதுகிறவள். மதியம் ஆளில்லாத நேரம். பால் தேநீரை ஓரமாக வைத்துவிட்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேளுங்கண்ணே. புது ஆளு, 'குருவி'ன்னு பேரு. 'இது தினமும் ஏழு மணிக்கு வரும். சாவி திரும்புற சத்தத்துலயே அன்னிக்கு எப்படின்னு தெரிஞ்சிடும். மெதுவாத் திரும்பினா பரவாயில்ல.'"

"நேரம் பார்த்து வர்ற வகை. இதுல என்ன புதுசு?"

"'கரண்டி கீழ விழுந்தாலும் வரும்.'"

"அது சத்தத்துக்கு வர்ற வகையாச்சே. ரெண்டும் ஒண்ணுல இருக்காது." தல்கத் இப்போதுதான் தலையைத் தூக்கினான். "எதுக்கு அடங்கும்னு போட்டிருக்கா?"

"'விருந்தாளி வந்தா சிரிக்கும். அவங்க இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. அவங்க கிளம்பி பூட்ஸ் மாட்டும்போது எனக்கு வயிறு வலிக்க ஆரம்பிச்சிடும்.'"

தல்கத் திருப்புளியைக் கீழே வைத்தான்.

"ஒளியிற இடம்?"

"'அலமாரிக்கும் சுவருக்கும் நடுவுல. ஆனா நான் வளர்ந்துட்டேன். இப்ப அதுல கொள்ள மாட்டேங்கிறேன்.'"

ஷோல்பான் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இது விளையாட்டு இல்லண்ணே," என்றாள் ஷோல்பான். குரல் உள்ளே போயிருந்தது. "ஏதோ ஒரு குழந்தை தன் வீட்டைச் சொல்லுது."

தல்கத்துக்கும் ஒரு அப்பா இருந்தார். சுரங்க வேலை முடிந்து அவர் படியேறும் சத்தம் கேட்டால் நிலக்கரிக் கொட்டகைக்குள் போய் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பான். அந்தப் பயமெல்லாம் அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தான். இப்போது நெஞ்சு அடித்துக்கொண்டதைப் பார்த்தால் அது எங்கும் போகவில்லை.

"பச்சைப் பிள்ளைய இப்படி நடுங்க வைக்கிறவனெல்லாம் மனுஷனா? கையில கிடைச்சான்னா எலும்பை எண்ணிடுவேன்."

"அப்புறம் எண்ணலாம். முதல்ல பதில் போடுங்க. நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

தல்கத் எழுதினான். 'குருவி, பயப்படாதே. நான்தான் இங்க தலைவர். இப்ப எங்க இருக்கே?'

காத்துக்கொண்டிருந்தது போல உடனே பதில் வந்தது. 'வீட்டுல. மதியம் ஸ்கூல் இல்ல. அது ஏழு மணிக்குத்தான் வரும்.'

'அடிக்குமா?'

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. 'அதை இங்க எழுதலாமா?'

ஷோல்பான் வாயைப் பொத்திக்கொண்டாள். "போலீஸுக்குப் போயிடலாம்ணே."

"போய் என்னன்னு சொல்றது? எந்த ஊரு, யார் வீடுன்னு ஒண்ணும் தெரியாது. பேரைக் கேட்டா பயந்து ஓடிடும்." தல்கத் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டே கால். ஏழு மணிக்குள் அந்த வீட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் இன்றைக்கும் சாவி திரும்பும்.

"படம் ஒண்ணு கேளுங்க," என்றாள் ஷோல்பான். "பக்கம் திறக்கணும்னா எதிரியோட படம் வேணும்னு சொல்லுங்க. ஜன்னல்ல தெரு தெரியும், இல்லேன்னா எதுத்தாப்புல கட்டடம் தெரியும். எதையாவது வச்சுப் பிடிச்சிடலாம்."

நல்ல யோசனை. தல்கத் எழுதினான். 'உன் எதிரியைப் பட்டியல்ல சேர்க்கிறேன். தப்பிக்கிற வழியையும் நானே எழுதறேன். சத்தியமா. அதோட படம் ஒண்ணு மட்டும் அனுப்பு.'

'அனுப்பினா கோவிச்சுக்க மாட்டீங்களே?'

"ஐயோ பாவம், நம்மளப் பார்த்தும் பயப்படுது," என்றாள் ஷோல்பான்.

'சத்தியமா மாட்டேன்,' என்று எழுதினான் தல்கத்.

சந்தையில் இணையம் ஆமை வேகம். படம் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் சுவரில் மாட்டிய சிவப்புக் கம்பளம் தெரிந்தது. ஷோல்பான் ஜன்னலைத் தேடிக் குனிந்தாள். ஜன்னல் இல்லை. அடுத்து ஒரு சோபா. அதில் வாய் பிளந்து தூங்கும் ஒரு ஆள்.

ஷோல்பான் நிமிர்ந்தாள். சத்தமே வராமல் தன் ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

படத்துக்குக் கீழே ஒரு வரி வந்து நின்றது. 'இப்ப தப்பிக்கிற வழி எழுதுங்க, அப்பா.'